காட்டாமணக்கு எண்ணெயில் விமானம்

மார்கழி மாதத்து அதிகாலையில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்குவதில்லை. சுமார் 24 டிகிரி செண்டிகிரேடிலேயே அது உறையத் தொடங்கிவிடும். காவிரிக்கரைக் குளிரே போதும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானமோ 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே வெளிக்காற்று பூஜ்யத்திற்கும் கீழே 50 டிகிரி அளவில் இருக்கும். விமானத்தின் வேகத்தால் இறக்கையின் மேற்பரப்பு சற்றுச் சூடாகும் என்றாலும், எரிபொருள் −47 டிகிரி வரை உறையாதிருக்க வேண்டும் என்பது விதி.

இப்போது பயன்படும் விமான எரிபொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பிரிக்கப்படும் ஒருவகை மண்ணெண்ணெய். அதை எரிக்கும்போது, பூமிக்கடியில் புதைந்திருந்த கரி கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. மின்கலத்தால் விமானத்தை ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லிதியம் மின்கலத்தில் ஏறக்குறைய ஒரு மெகாஜூல்தான். இந்தப் பாரத்தைச் சுமந்து நெடுந்தூரம் பறப்பது கடினம். ஆகவே தாவர எண்ணெயை நாடுகிறார்கள். தாவரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியே எரியும்போது காற்றுக்குத் திரும்புகிறது.

ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாது. அதன் மூலக்கூறில் ஆக்ஸிஜன் இருக்கிறது. நீண்ட, நேரான கரிச் சங்கிலிகளும் இருக்கின்றன. வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தி ஆக்ஸிஜனை நீக்குகிறார்கள். பிறகு சங்கிலிகளைத் துண்டித்துக் கிளைகள் உண்டாக்குகிறார்கள். கிளைகள் எதற்கு? கரும்புக் கழிகளை நெருக்கமாகக் கட்டலாம். முள் விறகை அப்படிக் கட்ட முடியுமா? கிளைத்த மூலக்கூறுகளும் எளிதில் நெருங்கி அடுக்கிக்கொள்வதில்லை. அதனால் உறைநிலை இறங்குகிறது.

டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம் இதைச் செய்து காட்டியது. அது காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளை 25 சதவீதம் கலந்து, 2018 ஆகஸ்ட் 27 அன்று ஒரு பயணி விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. 2020 ஜனவரியில் 10 சதவீதக் கலவையுடன் விமானப்படையின் ஏஎன்-32 விமானம் லே நகரிலிருந்து எழும்பியது.

அப்படியானால் எங்கும் காட்டாமணக்கைப் பயிரிடலாமா? 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பல விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். வறண்ட நிலத்தில் செடி பிழைத்தது. ஆனால் எதிர்பார்த்தபடி காய்க்கவில்லை. பலர் அதைக் கைவிட்டார்கள். ஒரு கணக்குப் போடுவோம். நடுத்தர ஜெட் விமானம் ஒரு மணி நேரத்தில் சுமார் 2,500 கிலோ எரிபொருளை எரிக்கிறது. விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய். அத்தனையும் எரிபொருளானாலும் 7,500 கிலோ விதை வேண்டும்! நீர் பாய்ச்சினால் விளைச்சல் பெருகும். ஆனால் அந்த நீர் நெல்லுக்குப் போக வேண்டிய நீரல்லவா?

எனவே கழிவின் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. பலமுறை காய்ச்சிய சமையல் எண்ணெய் உடலுக்குக் கெடுதல். எரிபொருளுக்கோ நல்ல மூலப்பொருள். சர்வதேச விமானங்களில் இத்தகைய எரிபொருளை 2027-இல் 1 சதவீதமும் 2030-இல் 5 சதவீதமும் கலப்பது இந்தியாவின் இலக்கு.

உங்கள் தெருப் பலகாரக் கடையில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் மிஞ்சுகிறது என்று கேட்டறியுங்கள். ஒரு லிட்டரின் எடை சுமார் 0.9 கிலோ. அந்த விமானம் ஒரு மணி நேரம் பறக்க எத்தனை கடைகளின் எண்ணெய் வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து சதவீதமே எவ்வளவு பெரிய இலக்கு என்பது புரியும்.