திறன்பேசியிலிருந்து லினக்ஸ் மடிக்கணினிக்கு: தமிழ்க் கோப்புகளின் கம்பியில்லாப் பரிமாற்றம்

கிள்ளான் வட்டாரத்தில் தோட்ட வாழ்வை நேரில் அறிந்த முதியோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பெரட்டு, லயம், கங்காணி போன்ற சொற்கள் அவர்தம் பேச்சில் உயிர்ப்புடன் வழங்குகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பேச்சைத் திறன்பேசியில் பதிவு செய்வது பாராட்டத்தக்க பணியாகும். எனினும், பதிவு திறன்பேசியிலேயே தங்கிவிடுமாயின், அக்கருவி தொலையும் நாளில் அப்பேச்சும் தொலையும். ஆதலால், பதிவைக் குறைவின்றி மடிக்கணினிக்கு மாற்றும் முறையை அறிதல் மொழிப்பணியின் ஒரு கூறே ஆகும். லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியை வைத்திருப்போருக்கு அம்முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு வழிகள்

கம்பியின்றிக் கோப்பை அனுப்ப ஊடலை எனப்படும் புளூடூத், அருகலை எனப்படும் வைஃபை ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. இரண்டின் வேகமும் ஒன்றன்று. சுருக்கப்படாத ஒற்றைத்தட ஒலிப்பதிவு, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 317 மெகாபைட் இடம் கொள்ளும். ஊடலையில் இதனை அனுப்ப இருபது நிமிடங்களுக்கு மேலாகலாம். நல்ல அருகலையில் ஒரு நிமிடமே போதும். சிறு ஆவணத்திற்கு ஊடலை பொருந்தும். நெடும்பதிவுக்கு அருகலையே ஏற்றது.

செய்திச் செயலி வழியாகத் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்வோரும் உளர். பல செயலிகள் படத்தையும் காணொளியையும் இயல்பாகவே சுருக்கிவிடுகின்றன. ழகரமும் ளகரமும் ஒலிக்கும்போது பேசுவோரின் வாயசைவை நோக்க விரும்பும் ஆய்வாளருக்கு இது பேரிழப்பு. மேலும், பக்கத்து மேசைக்குச் செல்லவேண்டிய கோப்பு கடல்கடந்த வழங்கியைத் தொட்டுத் திரும்பவேண்டிய தேவையும் இல்லை.

அருகலை வழி

இப்பணிக்குப் பெரிதும் பயன்படுவது கேடிஇ கனெக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள். இதனைத் திறன்பேசியிலும் மடிக்கணினியிலும் நிறுவி, இரண்டையும் ஒரே அருகலையில் இணைத்தல் வேண்டும். உபுண்டு போன்ற க்னோம் திரைச்சூழலில் இதற்கு நிகராக ஜிஎஸ்கனெக்ட் உள்ளது. ஒரு கருவி தன் இருப்பை அவ்வலைப்பின்னலில் உள்ள அனைத்துக் கருவிகளுக்கும் அறிவிக்கும். மற்றொன்று அதனைக் கேட்டு விடையளிக்கும். பின்னர் ஒன்று இணைப்பு வேண்ட, மற்றது இசைவு தரவேண்டும். இவ்விசைவு ஒருமுறை பெற்றால் போதும். அதன்பின் கோப்பைத் தேர்ந்து, பகிர் என்பதைத் தொட்டு, மடிக்கணினியின் பெயரைச் சுட்டினால் கோப்பு மறையாக்கம் பெற்றுச் சென்று சேரும். ஐபோன், விண்டோஸ் கருவிகளும் கலந்துள்ள வகுப்பறைக்கு லோக்கல்சென்ட் என்னும் செயலி எளிது.

கருவிகள் ஒன்றையொன்று காணாத நிலை அடிக்கடி நேர்வது. இதற்குப் பெரும்பாலும் இரு காரணங்களுள் ஒன்றே அமையும். முதலாவது, பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் கிடைப்பன போன்ற பொது அருகலைகள் பல, பாதுகாப்புக் கருதி ஒரு பயனரின் கருவி மற்றவரின் கருவியைக் காணாவாறு தடுக்கின்றன. அத்தகைய இடத்தில் திறன்பேசியின் பகிரலையை, அதாவது ஹாட்ஸ்பாட்டை, இயக்கி மடிக்கணினியை அதனோடு இணைக்கலாம். கோப்பு இரு கருவிகளுக்கு இடையே மட்டும் செல்வதால் இணையத் தரவு செலவாகாது. இரண்டாவது, மடிக்கணினியின் தீச்சுவர். கேடிஇ கனெக்ட் பயன்படுத்தும் 1714 முதல் 1764 வரையிலான வாயில்களைத் தீச்சுவரில் திறந்துவிட்டால் தடை நீங்கும்.

பெயரில் உள்ள நுட்பம்

கோப்பு சென்று சேர்ந்தபின்னும் தமிழர்க்கென ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளியானது. லினக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்பும் அதன்பின் சில ஆண்டுகளும் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் வழங்கின. ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய காலம் அது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், பின்னர்க் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் தமிழ் உள்ளீட்டை எளிதாக்கின. இன்று ஒருங்குறி பொதுவாகிவிட்டதால் பெருஞ்சிக்கல் தீர்ந்தது. நுண்சிக்கல் தீரவில்லை.

‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் இதனைச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8 முறையில் முன்னது 6 பைட்; பின்னது 9 பைட். லினக்ஸ் கோப்புப் பெயரைப் பைட்டுகளின் வரிசையாகவே கொள்வதால், ‘கொய்யா’ எனத் தோற்றமளிக்கும் இரு கோப்புகள் ஒரே உறையில் தனித்தனியே இருக்கக்கூடும். ஒன்றைத் தேடுவோருக்கு மற்றொன்று அகப்படாமலும் போகலாம்.

நீளத்திற்கும் வரம்புண்டு. லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் கொள்வதால் 85 குறிகளே அடங்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும் என்பதை நினைவிற்கொள்க. ‘தமிழ்’ என்னும் சொல்லே மூன்றெழுத்தாயினும் ஐந்து குறிகள், 15 பைட். ஒரு வாக்கியத்தையே பெயராக இடுவோர் கோப்பு மறுக்கப்படுவதைக் காண்பது இதனால்தான்.

ஆகவே, ஒரு குழுவினர் அனைவரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்துவதும், பெயரைச் சுருக்கி ஊர், ஆண்டு, வரிசை எண் என்னும் முறையில் ‘கிள்ளான்-2024-03’ என்பதுபோல் அமைப்பதும் நலம். பேசியவர் பற்றிய விவரங்களைத் தனி ஆவணத்தில் எழுதி வைக்கலாம். மாற்றிய கோப்பின் அளவை மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டு, மடிக்கணினியில் இறுதிவரை கேட்டு, வேறொரு வட்டிலும் படியெடுத்த பின்னரே திறன்பேசியில் உள்ளதை நீக்குக. பேசிய முதியவரை மீண்டும் அதே சொற்களில் பேசச் செய்தல் எவர்க்கும் இயலாது.