உன் த்ரெட் எந்த கோரில் ஓடுது?

மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. லேப்டாப்பில் நாலு கோர், என் ப்ரோக்ராமில் நாலு த்ரெட். நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது. இன்னும் ஸ்பீடு ஏத்தலாமேனு 'நீ இந்த கோரில்தான் ஓடணும்' என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தேன். அவ்வளவுதான்... கிட்டத்தட்ட நாலு மடங்கு ஸ்லோ!

அந்த வரி செய்யும் வேலைக்குப் பேர் சிபியு அஃபினிட்டி. சாதாரணமா எந்த த்ரெட் எந்த கோரில் ஓடணும்னு முடிவு பண்றது கெர்னலில் இருக்கும் ஷெட்யூலர்தான். ஒரு கோர் திணறி, இன்னொன்று சும்மா இருந்தால், த்ரெட்டை அங்கே மாத்திவிடும். இதில் என்ன சிக்கல்?

ஹாஸ்டலில் எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க. புக், நோட்ஸ், ஜெராக்ஸ் எல்லாம் மேஜையில் விரிச்சாச்சு. வார்டன் வந்து, 'பக்கத்து ரூமுக்குப் போப்பா' என்றால்? எல்லாத்தையும் மறுபடி பரப்பணும். கோருக்கு அந்த மேஜைதான் கேஷ். பக்கத்திலேயே இருக்கும் கேஷிலிருந்து டேட்டா ஓரிரு நானோ செகண்டில் வரும். மெயின் மெமரிக்குப் போனால் சுமார் 100 நானோ செகண்ட்!

இடம் மாறாமல் த்ரெட்டைக் கட்டிப்போட, லினக்ஸில் 2002-ல் 2.5.8 கெர்னலில் ஒரு சிஸ்டம் கால் வந்தது. கணக்கு சிம்பிள். ஒரு கோருக்கு ஒரு பிட். 0-வது கோர் மட்டும்னா 1, 2-வது மட்டும்னா 4, ரெண்டும்னா 5. கோடு எழுதாமலே 'டாஸ்க்செட்' கமாண்டிலும் செய்யலாம். விண்டோஸ்காரர்களுக்கு டாஸ்க் மேனேஜரிலேயே வசதி உண்டு.

சரி, நான் எங்கே சொதப்பினேன்? 'டாப்' கமாண்டை ஓடவிட்டு '1' கீயை அழுத்தினேன். ஒரு கோர் 100 சதவிகிதத்தில் மூச்சுத் திணறுது. மற்ற மூணும் ஹாயா தூங்குது. த்ரெட்களை உருவாக்கும் முன்பே மெயினைக் கட்டிப்போட்டிருக்கேன். அம்மாவுக்குப் போட்ட கட்டுப்பாடு பிள்ளைகளுக்கும் அப்படியே வந்துடுச்சு!

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி கோர் கொடுத்தேன். ஸ்பீடு திரும்பியது. சந்தேகத்தில் அந்த வரிகளையே தூக்கிப் பார்த்தால்... அதே நேரம்தான்! ஷெட்யூலர் ஏற்கெனவே ஒழுங்கா வேலை பார்த்திருக்கு.

நெட்வொர்க் பாக்கெட், லைவ் ஆடியோ மாதிரி மைக்ரோ செகண்ட்கூட முக்கியமான இடத்தில் அஃபினிட்டி நிஜமாவே கைகொடுக்கும். அங்கேகூட, கட்டிப்போட்டதால் கோர் உங்களுக்கே சொந்தமாகிடாது. மற்ற ப்ரோக்ராம்களும் அதில் வந்து உட்காரும்.

ரிவ்யூவில் மூணு டைமிங்கையும் மறைக்காமல் காட்டினேன். மேடம் அதிகம் கேள்வி கேட்டது, சொதப்பின டைமிங்கைப் பற்றித்தான். பதில் தெரிஞ்ச ஒரே கேள்வியும் அதுதான்!