பன்னீர் ரோஜாவும் குற்றாலச் சாரலும்

வீட்டுக் கொல்லையில் இரண்டு சென்ட் நிலமும் கிணற்று நீரும் உள்ள அங்கத்தினர்கள், எந்த ரோஜாவைப் பயிரிடலாம் என்று எங்களை வினவுகின்றனர். நாற்றுப் பண்ணைகளில் கண்ணைப் பறிக்கும் ஒட்டுச் செடிகள் பல உண்டு. அவற்றுள் மணமற்றவையும் பல. தென்காசி வட்டாரத்துக்கு நாங்கள் சொல்வது பழைய பன்னீர் ரோஜாவையே.

எட்வர்டு ரோஜா என்றும் இதனை அழைப்பர். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து பிறந்த போர்பன் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துக்குப் பெயர் தந்த போர்பன் தீவே இன்று ரீயூனியன் எனப்படுகிறது. முட்கள் நிறைந்த புதராக வளர்ந்து, இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்தாகத் தரும். இதழ் விரைவில் உதிர்வதால் பூச்சாடிக்கு உதவாது. மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் குல்கந்துக்கும் மிக ஏற்றது. வெயில் ஏறினால் மணம் குறையும். ஆதலின் விடியலிலேயே பறித்தல் வேண்டும்; தறியில் அமருமுன் வேலை முடிந்துவிடும்.

பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியைச் சாண் நீளம் வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். செடிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டராகக் குழியெடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுக. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் இடைவெளி போதும். தென்னை நிழல் ஆகாது, இலைதான் மிகும்.

கவாத்தில்தான் நம்மவர் தவறுகின்றனர், நாங்களும் தவறினோம். சாரலில் துளிர் செழிக்கும் என்றெண்ணி ஓர் ஆடியில் வெட்டினோம். ஆரியங்காவுக் கணவாய் வழி வந்த காற்றும் ஓயாத தூறலும் வெட்டுவாயை உலரவிடவில்லை. கிளைகள் நுனியிலிருந்து கருகி இறங்கின. நனைந்த இலைகளில் கரும்புள்ளி நோய் பரவிற்று. பாதிச் செடிகளை இழந்தோம்.

தமிழ்நாட்டில் கவாத்துக்குரிய காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதுவும் மழைக்காலமே. ஆதலின் கார்த்திகையில் மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுக. சுமார் 45 நாளில் பூக்கத் தொடங்கும். தை முகூர்த்தங்களுக்காகச் சங்கரன்கோவில் பூச்சந்தை பூவைத் தேடும் சமயம் அது.

சாரல் மாதங்களில் கத்தரியைத் தொடாமல், புள்ளி விழுந்த இலைகளை மட்டும் பொறுக்கி எரித்துவிட்டு, மூட்டில் நீர் தேங்காதபடி வடிகால் வெட்டுக. வானமே நனைக்கும்போது நாமும் நீர் ஊற்ற வேண்டாம். பூவாளியுடன் நிற்கும் குழந்தைகளைத் தடுப்பதுதான் பெரும்பாடு!