கோழி சொன்ன சாட்சி, எலி சொல்லாத சாட்சி: தெரியுமா?

சத்து கூட்டிய அரிசி, சத்து கூட்டிய வாழை என்று மரபணு மாற்றிய பயிர்கள் ஆய்வுக்கூடங்களில் வரிசைகட்டி நிற்கின்றன. முதலில் எலி சாப்பிட வேண்டும், மனிதன் பிறகுதான். ஆனால் நம்ம நெகிரி செம்பிலானில் ஒருமுறை இந்த வரிசை தலைகீழாக நடந்தது, தெரியுமா?

1907. ஜெலெபு வட்டாரத்தில் டுரியான் தீப்புஸ். காட்டுக்குள் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளர்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டேன்டனும் அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி. சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக்காரர்களுக்குக் கால் மரத்தது, வீங்கியது. பெரிபெரி! உடனே அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். என்ன ஆச்சரியம், நோயும் அரிசியின் பின்னாலேயே அடுத்த கூட்டத்துக்குப் போனது!

இந்தப் புழுங்கலரிசி யோசனைக்கு யார் காரணம் தெரியுமா? நம்ம தோட்டத்துத் தமிழர்கள்தான்! சிரம்பானில் இருந்த மாநில மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அதே மழை, அதே வெயிலில் வேலை செய்யும் தமிழர்களை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. சீனர் தின்றது சயாமின் தீட்டிய அரிசி. தமிழர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது புழுங்கலரிசி. 1907-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. கூலிக்காரனின் வாய்ருசி அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நாம் இன்றைக்குப் புழுங்கலைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்!

இங்கே கோழிகளின் முறை இதற்குப் பிறகுதான் வந்தது. வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புழுங்கல் தின்றவை கம்பீரமாக நடந்தன. தவிட்டைக் கொடுத்தால் நோய் வருவதேயில்லை! இதற்கெல்லாம் முன்னாலேயே பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கோழிகளை வைத்தே துப்புத் துலக்கிய டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஏன் கோழி? அரிசியில் சத்து குறைந்தால் கோழியும் மனிதனைப் போலவே முடங்கும்.

எல்லாப் பிராணியும் இப்படி நல்ல சாட்சி அல்ல. தங்க அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் பாட்ரிகுஸ், பேயர் என்ற இரு விஞ்ஞானிகள் டாஃபடில் பூவின் மரபணுவைப் புகுத்தி, அரிசிக்குள் பீட்டா கரோட்டினை வரவழைத்தார்கள். புதிதாக வந்த புரதம் விஷமா என்று சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம், பார்த்தார்கள், தீங்கில்லை. ஆனால் அந்தக் கரோட்டின் நம் உடம்பில் எவ்வளவு வைட்டமின் ஏ ஆகும் என்று எலியிடம் கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும்! எலியின் குடல் கரோட்டினை ஏறக்குறைய முழுவதும் வைட்டமினாக மாற்றிவிடும்; நம் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பூனைக்கோ சுத்தமாக முடியாது! அதனால்தான் கரோட்டின் விஷயத்தில் நம்மை ஓரளவு ஒத்த ஜெர்பில் என்கிற பாலைவனக் கொறிணியைத் தேடிப் பிடித்தார்கள்.

இன்னொரு சங்கடம்: ரசாயனத்தை நூறு மடங்கு கூட்டிக் கொடுத்துச் சோதிக்கலாம். மரபணு மாற்றிய சோளத்தை அப்படி எப்படிக் கொடுப்பது? 90 நாள் எலிச் சோதனையில் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோளம் சேர்ப்பது அபூர்வம்; சேர்த்தால் எலிக்கு மற்ற சத்துகள் குறைந்து, குற்றம் யாருடையது என்றே தெரியாது.

பிராணியே வேண்டாம் என்று ரத்தம் சாட்சி சொன்ன கதையும் உண்டு. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களின் ரத்தநீரில் சோதித்தபோது, ஒவ்வாமையும் கூடவே சோயாவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. 1996-ல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை.

அதற்காக மனிதனிடம் நேராகப் போய்விடலாமா? 2008-ல் சீனாவின் ஹூனான் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்க அரிசி கொடுத்துச் சோதித்தார்கள். அது மரபணு மாற்றிய அரிசி என்று பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை. விஷயம் வெடித்து, 2015-ல் அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்ட கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். டுரியான் தீப்புஸ் தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு இதே உறுத்தல்தான்.

பிலிப்பீன்ஸ் 2021-ல் தங்க அரிசியைப் பயிரிட அனுமதித்தது. 2024-ல் நீதிமன்றம் தடுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று, செம்பனைத் தோட்டத்துக்காரர்களுக்கு! அரிசிக்குள் ஏற்ற இத்தனை பாடுபட்ட கரோட்டின், ஆலையிலிருந்து வரும் பச்சைச் செம்பனை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கிறது. சிவப்பு நிறமே அதனால்தான். கடையில் வாங்கும் எண்ணெய் மட்டும் ஏன் வெளிர் மஞ்சள்? சுத்திகரிக்கும்போது அந்தக் கரோட்டினைத்தான் நீக்கிவிடுகிறார்கள்!