சீரியல் போர்ட்டின் பூட்டு

கணினியின் முதுகில் ஒன்பது ஊசிகளோடு துருத்திக்கொண்டிருந்த சீரியல் போர்ட்டை இன்றைய மடிக்கணினிகளில் காண்பது அரிதாயினும், தொழிற்சாலை யந்திரங்களிலும் கெர்னல் எழுதுவோரின் மேஜையிலும் அது இன்னும் ஜீவித்திருக்கிறது. கம்பிவழியே ஒன்றன்பின் ஒன்றாக வரும் பிட்டுகளைச் சேர்த்து எழுத்தாக்கித் தருவது யுவார்ட் என்னும் சில்லு. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8250 சில்லு ஓர் எழுத்தையே ஏந்தி வைத்திருக்கும். பிற்காலத்து 16550ஏ பதினாறை வரிசையில் நிறுத்தும். விநாடிக்கு 115200 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்துப் பிட் என்று கொண்டால், அந்தப் பதினாறு இடமும் நிரம்ப ஒன்றரை மில்லி விநாடிகூட ஆகாது. அதற்குள் சில்லை இயக்கும் நிரலாகிய டிரைவர் வந்து அள்ளவில்லையென்றால் அடுத்த எழுத்து போனது போனதுதான்.

ஆகவே, போர்ட்டை ஒருவர் திறக்கும்போது, லினக்ஸின் 8250 டிரைவர் பெறும் பகுதியை எடுத்த எடுப்பில் எழுப்பிவிடுவதில்லை. முதலில் வரிசையைத் துடைத்து, நிலைப் பதிவேடுகளையும் பெறும் பதிவேட்டையும் ஒருமுறை வெறுமனே வாசித்து, எப்போதோ தங்கிய எச்சத்தை எறிந்துவிட்டு, பிறகு சில்லின் அழைப்பாகிய இன்டரப்ட்டைக் கவனிக்கும் நிரலைப் பதிவுசெய்து, எழுத்துக்கு எட்டுப் பிட் என்று வகுத்து, எல்லாம் ஆனபின்பே 'எழுத்து வந்தால் கூப்பிடு' என்னும் பிட்டை ஏற்றுகிறது. எச்சத்தைத் துடைக்க மறந்தால், புதிதாக லாகின் செய்கிறவரின் பெயருக்கு முன்னால் முன்பு வந்தவர் விட்டுப்போன எழுத்தொன்று ஒட்டிக்கொள்ளும்.

'எழுத்து வந்தால் கூப்பிடு' என்னும் அந்தப் பிட் இருக்கும் பதிவேட்டிலேயே அனுப்பும் பகுதிக்குரிய பிட்டும் இருக்கிறது. இரண்டு பிராசசர்கள் ஒரே சமயத்தில் பழைய மதிப்பை வாசித்துத் தத்தம் பிட்டைச் சேர்த்து எழுதினால், முந்தியவர் எழுதியது சத்தமின்றி அழிந்துபோகும். இதைத் தடுக்க வந்ததே ஸ்பின்லாக் என்னும் பூட்டு. இன்டரப்ட் நிரலுக்கு உறங்கும் உரிமை இல்லையாதலால், காத்திருப்பவர் பூட்டு விடுபடும்வரை அங்கேயே சுழன்றுகொண்டிருப்பார். ஆனால் பூட்டைப் பிடித்த பிராசசரிலேயே இன்டரப்ட் வந்து, அதன் நிரலும் அதே பூட்டைக் கேட்டுவிட்டால்? சாவியை மடியில் முடிந்தவனின் கையை அசையவிடாமல் மார்பில் ஏறி நின்றுகொண்டு, சாவியைத் தந்தாலொழிய இறங்கேன் என்று அடம்பிடிப்பதற்கு ஒப்பான விபரீதம் அது. எனவே பூட்டுமுன் அந்தப் பிராசசரில் இன்டரப்ட்டை நிறுத்துகிறார்கள்.

இதனினும் சூட்சுமமான கண்ணி எதிரொலியில் இருந்தது என்பேன். வந்த எழுத்தை, முனையத்தைக் கவனிக்கும் டி.டி.ஒய். அடுக்கிடம் கொடுத்ததும் அது உடனே அதே போர்ட்டில் திருப்பி அனுப்ப முற்பட்டால், அதே பூட்டையே மறுபடி கேட்கும். பழைய டிரைவர்கள் பலவற்றில் அந்த ஒப்படைப்பு வரிக்கு மேலே பூட்டை அவிழ்க்கும் வரியொன்றும், கீழே மீண்டும் பூட்டும் வரியொன்றும் இருந்ததன் காரணம் இதுவே.