கண்ணாடி போன கேமராவும் கூடத்து டியூப்லைட்டும்

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து மின்னுருவாக்கியிருக்கிறது. 1880இலிருந்து 1980 வரையிலான அந்தப் படங்களைக் காக்க பிரிட்டிஷ் நூலகமும் கைகொடுத்தது. அன்றைக்குக் குடும்பம்தான் கேமராவைத் தேடிப் போனது. தீட்டிய திரைக்கு முன்னால் அசையாமல் நின்றது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்வது ஸ்டூடியோக்காரர் பொறுப்பு.

இன்று புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் கேமராவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளிச்சம் யார் பொறுப்பு என்பதுதான் சிக்கல். அதற்கு முன், அந்தக் கேமரா எப்படி மாறியது என்று பார்ப்போம்.

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடி, லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும்; ஃபோகஸ் பார்க்கும் தனிக் கருவிக்கும் ஒரு பங்கு அனுப்பும். வீடியோ எடுக்கக் கண்ணாடி தூக்கிக்கொண்டால் இரண்டுமே குருடு. 2008இல் பானசோனிக்கின் லூமிக்ஸ் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரமும் சுருங்கியது: நிக்கானின் பழைய எஃப் வகையில் 46.5 மி.மீ., மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடியில்லாத இசட் வகையில் 16 மி.மீ.

உடம்பு இளைத்தது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. இப்போது பல மிரர்லெஸ் கேமராக்களில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. குழந்தை கூடத்திலிருந்து திண்ணைக்கு ஓடினாலும், போட்டோவோ வீடியோவோ, அதன் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்கிறது. கடைகளில் மெகாபிக்சல் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வீட்டுப் படத்துக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

காதுகுத்து, வளைகாப்பு நாளில் காலை வாரிவிடுவது மின்விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கி மிளிர்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், ஒவ்வொரு வரிக்கும் வேறுவேறு பிரகாசம் கிடைத்து, பாட்டியின் வெள்ளைப் புடவையில் கறுப்புப் பட்டைகள் விழும்.

தீர்வு எளிது: மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/50 அல்லது 1/100. வீடியோ என்றால் நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம். 30, 60 என்று இருந்தால், 60 சுழற்சி மின்சாரம் ஓடும் அமெரிக்காவுக்கான அமைப்பு அது. மெனுவில் ‘பால்’ (PAL) முறைக்கு மாற்றினால் போதும். அதைவிட நல்லது, ஓட்டு வீட்டின் தாழ்வாரத்து ஓரமாக ஆட்களை உட்காரவைப்பது. பகல் வெளிச்சம் மிளிர்வதில்லை.

கடலும் ஏரியும் பக்கத்திலேயே இருக்கும் பாகூர்ப் பகுதியில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. பீரோவில் துணிகளுக்கு நடுவே பூட்டிவைத்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது செலவு குறைந்த வழி. 4கே வீடியோவுக்கு மெமரி கார்டில் இடமும் வேண்டும்: நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து வழக்கப்படி துணைநிலை ஆளுநரும் வடம் பிடிப்பார். தேரோட்டத்தைப் பதிவுசெய்யக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டவர்களில் சிலர், 29 நிமிடம் 59 நொடியில் அது தானாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். கோளாறு அல்ல. அரை மணி நேரம் பதிவுசெய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்கத்துறை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு அதிக வரி போட்டதால், கம்பெனிகள் வைத்த வேலி அது. புதிய கேமராக்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. வைகாசி வெயிலில் சென்சார் சூடேறி நின்றால்தான் உண்டு.