ஊராட்சிக்கு வரும் ஒரு ரூபாய்: மத்திய மானியம் கணக்கிடப்படும் முறையும் வண்டூரின் தனிநிலையும்

தென் அந்தமானின் வண்டூர்ப் பகுதியிலிருந்து கிளைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள தம் சொந்த ஊருக்குச் சென்றிருந்தபோது, புதிய குடிநீர்த் தொட்டி ஒன்றில் ‘15ஆவது மத்திய நிதிக்குழு மானியம்’ என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டாராம். “எங்கள் வண்டூரில் எந்தப் பணியிலும் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லையே, ஐயா, எங்கள் பங்கு எங்கே போகிறது?” என்பதே அவரது கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை அனைத்து வாடிக்கையாளர்களும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நிதிக்குழு என்பது யாது?

வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி போன்ற பெரிய வருவாய் இனங்களில் பெரும்பங்கு மத்திய அரசின் கைகளில் சேர்கிறது. தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு போன்ற அன்றாடப் பணிகளோ உள்ளாட்சிகளின் பொறுப்பில் உள்ளன. இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்று நிதிக்குழு. அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்கீழ், பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் இக்குழுவை அமைக்கிறார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்திற்குப் பின், ஊராட்சிகளின் நிதிவளத்தைப் பெருக்கும் வழிகளைப் பரிந்துரைப்பதும் இக்குழுவின் கடமையாயிற்று.

15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான 5 ஆண்டுகளுக்கு உள்ளாட்சிகளுக்கென ரூ. 4,36,361 கோடியைப் பரிந்துரைத்தது. இதில் ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ. 2,36,805 கோடி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ரூ. 1,21,055 கோடி, உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரப் பணிகளுக்கு ரூ. 70,051 கோடி. எஞ்சியது புதிய நகரங்களை உருவாக்குவதற்கும் பகிர்ந்த நகராட்சிச் சேவைகளுக்கும் உரியது.

பங்கீடு எவ்வாறு நிகழ்கிறது?

முதற்படி, மாநிலங்களுக்கிடையிலான பங்கீடு. 15ஆவது நிதிக்குழுவின் முறையில் இதற்கு மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் நிலப்பரப்புக்கு 10 விழுக்காடும் மதிப்பளிக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதற்கு அடிப்படையாக இருந்தது.

இரண்டாம் படி, மாநிலத்திற்குள் நிகழும் பங்கீடு. மூன்றடுக்கு உள்ள மாநிலங்களில் கிராம ஊராட்சிகளுக்கு 70 முதல் 85 விழுக்காடு வரையிலும், ஒன்றியங்களுக்கு 10 முதல் 25 வரையிலும், மாவட்ட அடுக்கிற்கு 5 முதல் 15 வரையிலும் வழங்கலாம் என்பது 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரை. ஒவ்வோர் அடுக்கிற்குள்ளும் யாருக்கு எவ்வளவு என்பதை மாநில நிதிக்குழுவின் பரிந்துரை தீர்மானிக்கும். அப்பரிந்துரை இல்லாதவிடத்து மீண்டும் அதே 90:10 அளவுகோலே பொருந்தும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு மாநிலத்தின் கிராம ஊராட்சிகள் அனைத்துக்கும் ரூ. 100 கோடி கிடைப்பதாகக் கொள்வோம். அவற்றின் மொத்த மக்கள்தொகை 50 லட்சம்; மொத்தப் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகைக்குரிய ரூ. 90 கோடியை 50 லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ. 180. பரப்புக்குரிய ரூ. 10 கோடியைப் பிரித்தால் சதுர கிலோமீட்டருக்கு ரூ. 10,000.

இப்போது 5,000 மக்களும் 5 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடைய ஊராட்சிக்கு ரூ. 9 லட்சமும் ரூ. 50,000மும் சேர்ந்து ரூ. 9,50,000 கிடைக்கும். 2,000 மக்களும் 20 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடைய ஊராட்சிக்கு ரூ. 3,60,000மும் ரூ. 2 லட்சமும் சேர்ந்து ரூ. 5,60,000 கிடைக்கும். மொத்தத்தில் பெரிய ஊராட்சி முந்துகிறது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால், அங்கே ரூ. 190, சிறிய ஊராட்சியிலோ ரூ. 280. மக்கள் சிதறி வாழும் ஊர்களுக்கு நிலப்பரப்பு என்னும் அளவுகோல் இவ்வாறு ஓரளவு ஈடு செய்கிறது.

செலவிடும் உரிமையும் நிபந்தனைகளும்

கிடைத்த தொகை முழுவதையும் விரும்பியவாறு செலவிட இயலாது. 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் 60 விழுக்காடு வரையறுக்கப்பட்ட மானியம்: அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும், மறுபாதி துப்புரவுக்கும் உரியவையாக இருந்தன. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. ஆனால் ஊதியத்திற்கும் அலுவலகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ரூ. 9,50,000 பெறும் ஊராட்சி, குடிநீருக்கு ரூ. 2,85,000, துப்புரவுக்கு ரூ. 2,85,000, பிற தேவைகளுக்கு ரூ. 3,80,000 எனத் திட்டமிட வேண்டியிருந்தது.

முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இணையவழியில் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. மானியம் ஆண்டுக்கு இரு தவணைகளாக வழங்கப்படுகிறது. மாநில அரசு தன் கைக்கு வந்த தொகையை 10 வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்கு அனுப்பியாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். கடன் தவணையைத் தாமதித்தால் வட்டி கட்ட நேர்வதை அறிந்த நம் வாடிக்கையாளர்களுக்கு, அரசுக்கும் அத்தகைய கட்டுப்பாடு உண்டு என்பது சற்று மனநிறைவைத் தரக்கூடும்!

வண்டூருக்கு ஏன் இந்தப் பெயரில் வருவதில்லை?

இனி அவ்வாடிக்கையாளரின் வினாவுக்கு வருவோம். 280ஆவது பிரிவு, ‘மாநிலத்தின் தொகுப்பு நிதியை’ப் பெருக்கி, அதன்வழி ஊராட்சிகளுக்கு உதவுவது பற்றியே பேசுகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். அதற்கெனத் தனியான தொகுப்பு நிதி கிடையாது. இங்கு வசூலாகும் வருவாயும் இங்கு ஆகும் செலவும் இந்தியத் தொகுப்பு நிதியையே சார்ந்தவை. ஆகவே நிதிக்குழு மானியம் இத்தீவுகளின் ஊராட்சிகளுக்குப் பொருந்துவதில்லை. வண்டூரின் பங்கை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குரிய பணம் வேறு பாதையில் வருகிறது.

அப்பாதை இதுதான். தீவுகளின் நிர்வாகம் ஆண்டுதோறும் தன் தேவையை மதிப்பிட்டு உள்துறை அமைச்சகத்திடம் முன்வைக்கிறது. மத்திய நிதிநிலை அறிக்கையில் இத்தீவுகளுக்கெனத் தனி மானியக் கோரிக்கை இடம்பெற்று, நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறது. அதிலிருந்து நிர்வாகம் உதவி மானியமாக உள்ளாட்சிகளுக்கு வழங்குகிறது. 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இங்கும் மூன்றடுக்கு உண்டு. கிராமப் பஞ்சாயத்தின் தலைவரை இங்கு ‘பிரதான்’ என்பர். ராஷ்ட்ரிய கிராம சுவராஜ் அபியான் போன்ற மத்தியத் திட்டங்களில், பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காட்டைத் தாமே ஏற்க வேண்டியிருக்க, யூனியன் பிரதேசங்களுக்கு முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கிறது.

இதனால் நன்மையா, தீமையா?

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். நாட்டின் மக்கள்தொகையில் இது சுமார் 0.03 விழுக்காடே, பரப்பிலோ சுமார் 0.25 விழுக்காடு. மக்கள்தொகைக்கே பெரும் மதிப்பளிக்கும் சூத்திரம் இங்கு பயன்பட்டிருந்தால் கிடைக்கும் தொகை சிறியதாகவே இருந்திருக்கும். சிமெண்டும் இரும்பும் கப்பலில் வந்து சேர வேண்டிய தீவில், ஒரு மீட்டர் வடிகாலுக்கு ஆகும் செலவு பெருநிலப்பரப்பில் ஆவதைவிட மிகுதி என்பதை அச்சூத்திரம் அறியாது. 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைக் காணவும், ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகேறவும் வண்டூருக்கு வருவோரையும் அது எண்ணாது. சாலையும் கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் அவர்களுக்கும் வேண்டியிருக்கின்றன. கணக்கிலோ ஊரில் குடியிருப்போர் மட்டுமே உள்ளனர். நேரடி மதிப்பீட்டில் இத்தகைய தேவைகளை எடுத்துரைக்க இடமுண்டு. இது நன்மை.

ஆனால் இழப்பும் உண்டு. இராமநாதபுரத்து ஊராட்சி தன் பங்கை 5 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். சூத்திரம் வெளிப்படையானது, எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டூருக்கு வரும் தொகையோ ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டியது. உரிய காலத்தில் கேட்கப்படாத தேவை அவ்வாண்டின் மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. செலவிட்ட தொகைக்குப் பயன்பாட்டுச் சான்று அளிக்கப்படாவிடில் அடுத்த தவணையும் தடைப்படக்கூடும்.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் நாடெங்கும் மக்கள் திட்ட இயக்கம் நடைபெறுகிறது. அப்போது கூடும் கிராம சபையில்தான் அடுத்த ஆண்டிற்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் உருவாகிறது. மத்திய நிதிநிலை அறிக்கை பிப்ரவரி முதல் நாளில் தாக்கலாகிறது என்பதை நினைவிற் கொண்டால், இக்கூட்டத்தின் அருமை விளங்கும். உங்கள் தெருவின் வடிகால் அத்திட்டத்தில் எழுதப்பட்டுள்ளதா என்பதைக் கேட்டறியுங்கள். ஒப்புதல் பெற்ற திட்டத்தையும் செலவு விவரத்தையும் ‘இ-கிராம்ஸ்வராஜ்’ இணையதளத்திலும் செயலியிலும் எவரும் காணலாம்.

நம் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கில் ஒரு வரி விடுபட்டாலும் உடனே கிளைக்கு வந்து கேட்கிறோம். ஊராட்சியின் கணக்கும் நம் கணக்கே. அவ்வாடிக்கையாளரிடம் நாம் கூறிய விடையும் இதுவே: “ஐயா, உங்கள் பங்கு எங்கும் போய்விடவில்லை. உங்கள் உறவினரின் ஊரில் அது கணக்கின்படி வருகிறது. உங்கள் ஊரில் கேட்டால் வருகிறது. ஆகவே அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் செல்லுங்கள்.”